கெந்திங் மலைக்கு ‘லக்ஸரி பேக்கேஜ்’ கட்டுகிறவர்கள் கவனத்துக்கு

தலைக்கு 46,000 ரூபாய் என்றால் சாதாரண அறை, 63,000 ரூபாய் என்றால் ‘ஐந்து நட்சத்திர காசினோ ரிசார்ட்’. மலேசியாவின் கெந்திங் மலைக்குப் போக, மதுரை காளவாசல் பக்கம் மாடியில் இருக்கும் ஒரு டிராவல்ஸ்காரர் எங்களுக்குச் சொன்ன கணக்கு இது. மாமியாருக்கு மூட்டு வலி, நீண்ட தூரம் நடக்க முடியாது என்பதால் கூடுதல் பணத்தைக் கட்டினோம். மலைமேல் போய் நின்றபோது கிடைத்தது 46,000 ரூபாய் அறைதான்.

இதை எப்படிச் செய்கிறார்கள் என்பதைத்தான் விவரமாகச் சொல்ல வேண்டும். கெந்திங் உச்சியில் இருப்பது ஒரு ஹோட்டல் அல்ல. ஒரே குழுமம் அங்கே பல ஹோட்டல்களை அடுத்தடுத்து நடத்துகிறது. மலிவு விலைக்கு ஃபர்ஸ்ட் வேர்ல்டு. 7,351 அறைகளோடு உலகிலேயே அதிக அறைகள் கொண்ட ஹோட்டல் என்று 2015-இல் கின்னஸில் ஏறியது அதுதான். வசதி வேண்டுவோருக்கு கெந்திங் கிராண்ட். அதற்கும் மேலே கிராக்ஃபோர்ட்ஸ். நடுவில் கடைவீதியும் காசினோவும் இருப்பதால் எதில் தங்கினாலும் ‘ரிசார்ட்டில் தங்கினோம்’ என்று சொல்லிவிடலாம். ஏஜென்ட்டுகளுக்கு வசதியான இடம் அதுதான். வாட்ஸப்பில் அவர் அனுப்பிய படம் உயர்ந்த ஹோட்டலின் அறை. வவுச்சரில் இருந்ததோ ‘கெந்திங் ரிசார்ட் அல்லது அதற்கு இணையானது’ என்ற வரி மட்டும். ஹோட்டல் பெயர் இல்லை, அறை வகை இல்லை.

திருச்சியிலிருந்து இரவு விமானம், கோலாலம்பூரிலிருந்து பஸ், பிறகு கேபிள் கார் என்று மேலே போய்ச் சேர்ந்தோம். வரவேற்புக் கூடத்தில் நாமே சாவி எடுத்துக்கொள்ளும் இயந்திரங்கள் வரிசையாக நின்றன. எங்கள் எண்ணை எது ஏற்கும் என்று கணவர் ஒவ்வொன்றாகத் தட்டிக்கொண்டிருக்க, மாமியார் பெட்டியின் மேலேயே உட்கார்ந்துவிட்டார். கவுன்டரில் இருந்த தமிழ்ப் பெண் கணினித் திரையை எங்கள் பக்கம் திருப்பிக் காட்டினாள். “ஆன்ட்டி, உங்கள் பெயரில் பதிவாகியிருப்பது ஸ்டாண்டர்டு அறைதான். கிராண்டில் எதுவும் இல்லை.” அறையில் ஏசி இல்லை, மின்விசிறிதான். சுமார் ஆறாயிரம் அடி உயரக் குளிரில் அது ஒரு குறையே இல்லை. ஆனால் லிஃப்டுக்குக் காத்திருந்து, அந்த நீளமான நடைவழியில் அத்தையைத் தாங்கிப் பிடித்து நடத்திச் சென்றது குறைதான். அதைத் தவிர்க்கத்தானே பணம் கட்டினோம்?

போனில் ஏஜென்ட் அசரவே இல்லை. “அக்கா, எல்லாம் ஒரே மலை, ஒரே கம்பெனி. இணையானது என்று வவுச்சரிலேயே போட்டிருக்கிறோமே.” மீனாட்சி கோயிலைச் சுற்றியுள்ள சித்திரை வீதியில் வளையல் கடை போட்டிருப்பவர் கருவறைக்குள் இருப்பதாகச் சொல்வது போல இருந்தது.

தேதியிலும் ஒரு வேலை செய்திருந்தார். காசினோ ஹோட்டலுக்கு அறை வாடகை பெரிதல்ல, சூதாட்ட மேஜையில்தான் வருமானம். ஆட்களை வரவழைக்க வாரநாட்களில் அறையை மலிவாக விடுவார்கள். சனிக்கிழமையும் விடுமுறையும் வந்தால் அதே அறைக்கு விலை ஏறிவிடும். எங்களிடம் சனிக்கிழமை விலையை வாங்கிக்கொண்டு, கடைசி நேரத்தில் ‘விமான நேரம் மாறிவிட்டது’ என்று செவ்வாய்க்கிழமைக்குத் தள்ளினார். மிச்சம் அவர் பைக்குள் போயிற்று.

‘விசா செலவு’ என்று தலைக்கு 3,000 ரூபாய் தனி. 2023 டிசம்பர் முதல் இந்தியர்களுக்கு 30 நாள் வரை மலேசிய விசாவே தேவையில்லை. வருகைப் படிவத்தை இணையத்தில் நாமே இலவசமாக நிரப்பலாம். ‘எல்லாம் உட்பட’ என்றவர், வெளிநாட்டவருக்கு அறைக்கு ஓர் இரவுக்கு 10 ரிங்கிட் சுற்றுலா வரி உண்டு என்று வாயே திறக்கவில்லை. சிறு தொகைதான். ஆனாலும் கவுன்டரில் நின்று சில்லறை தேடும்போது எரிச்சல் வரத்தான் செய்கிறது. ‘காசினோ அனுமதி இலவசம்’ என்பதும் பேக்கேஜில் ஒரு சலுகையாக இருந்தது! 21 வயது ஆகாத மகனை வாசலிலேயே திருப்பி அனுப்பினார்கள். ரம்மிகூட ஆடத் தெரியாத எங்கள் வீட்டுக்கு அது நஷ்டமில்லை.

ஊர் திரும்பிய பிறகுதான் ரசீதைப் பிரித்துப் பார்த்தோம். வெளிநாட்டுச் சுற்றுலாவுக்கு ஏஜென்ட் நம்மிடம் வாங்கி நம் பெயரில் அரசுக்குக் கட்ட வேண்டிய டிசிஎஸ் வரியைப் பான் எண் கேட்டுப் பிடித்திருக்கிறார். அப்படிக் கட்டிய வரியைக் காட்டும் கணவரின் 26ஏஎஸ் வருமானவரிப் படிவத்தில் அதில் ஒரு பைசாகூட ஏறவில்லை. ஹோட்டல் விஷயத்தில் வாதாட இடமிருக்கிறது என்றாலும், இதற்கு அவரிடம் பதிலே இல்லை. ‘அடுத்த டூரில் 10,000 ரூபாய் கழித்துக்கொள்ளலாம்’ என்கிறார்.

மலிவு அறையை நான் குறை சொல்லவில்லை. நாள் முழுதும் வெளியே சுற்றிவிட்டு இரவில் தலைசாய்க்க மட்டும் வரும் குடும்பத்துக்கு அதுவே போதும், மிச்சப் பணத்துக்கு பத்துமலையும் கோலாலம்பூரும் நிதானமாகப் பார்க்கலாம். வயதானவர்களோ கைக்குழந்தையோ உடன் வந்தால்தான் உயர்ந்த ஹோட்டலுக்குக் கொடுக்கும் பணத்தில் அர்த்தம் உண்டு. அப்படிக் கொடுப்பதென்றால் ஹோட்டல் பெயர், அறை வகை, ஹோட்டல் தந்த பதிவு எண் மூன்றையும் எழுத்தில் வாங்குங்கள். அந்த எண்ணை வைத்து ஹோட்டலுக்கே மின்னஞ்சல் அனுப்பிக் கேளுங்கள்.

1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகார் பதிந்துவிட்டோம். அடுத்து மதுரை மாவட்ட நுகர்வோர் ஆணையம். நாம் கொடுத்த தொகை ஐந்து லட்சம் ரூபாய் வரை என்றால் மனுவுக்குக் கட்டணம் கிடையாது, இரண்டு ஆண்டுக்குள் மனு கொடுத்தால் போதும். விடுமுறைக்கு இதே போன்ற பேக்கேஜுக்கு முன்பணம் கட்டியிருப்பவர்கள் வவுச்சரை இன்றே எடுத்துப் பாருங்கள். ‘அல்லது இணையானது’ என்று இருந்தால், ஹோட்டல் பெயரைப் போட்டு மாற்றித் தரும் வரை மீதித் தொகையைக் கட்டாதீர்கள்.