சகிரிச்சோறு: தென்னைக்கு ஏழு வருஷம் போட்டுப் பார்த்ததில்

பாலக்காடு மாவட்டத்தில் கொழிஞ்சாம்பாறைப் பக்கம் எங்கள் தோப்பு. சித்தூர் தாலுக்கா என்றால் கரிசல் என்பார்கள். எங்களுக்கு வாய்த்தது மேட்டுச் செம்மண். இன்று தண்ணீர் விட்டால் நாளை மதியம் புழுதி பறக்கும். அதனால்தான் பொள்ளாச்சிப் பக்கம் மஞ்சி (தேங்காய் நார்) மில்களில் மலையாகக் கிடக்கும் தூளின் மேல் கண் போனது. நமக்கு மஞ்சித்தூள், மலையாளத்தில் சகிரிச்சோறு.

பேரிலேயே சோறு இருக்கிறதே என்று 2018-ல் இரண்டு லோடு இறக்கி, அப்படியே வட்டப்பாத்தியில் கொட்டினேன். ஈரம் நின்றது. ஆனால் ஊடே வைத்திருந்த வாழை, அடியிலையில் தொடங்கி மஞ்சளடித்தது. பக்கத்துத் தோட்டத்துப் பெரியவர் பார்த்துவிட்டு, "இது சோறில்ல தம்பி, உமி" என்றார். சரியாகத்தான் சொன்னார். பச்சைத் தூளில் கரிமம் 112 பங்கு என்றால் தழைச்சத்து 1 பங்குதான். அதை மக்கவைக்கும் நுண்ணுயிர்கள் தங்களுக்குப் போதாத தழைச்சத்தை மண்ணிலிருந்து எடுத்துக்கொள்ளும். பயிர் பட்டினி கிடக்கும்.

அப்புறம் மக்கவைத்துத்தான் போடுகிறேன். தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழக முறைதான்: ஒரு டன் தூளுக்கு 5 கிலோ யூரியா, சிப்பிக்காளான் வித்து 5 புட்டி. நிழலில் 100 கிலோ தூளைப் பரப்பி ஒரு புட்டி வித்து, அதன்மேல் இன்னொரு 100 கிலோ, அதற்கு 1 கிலோ யூரியா. இப்படி மாற்றி மாற்றிப் பத்து அடுக்கு. 60 நாளில் அந்த 112 என்பது 24 வாக்கில் இறங்கிவிடும் என்கிறார்கள். எனக்கு முதல்முறை தொண்ணூறு நாள் ஆனது. ஏப்ரல் வெயிலில் குவியலைக் காயவிட்டது என் தப்பு. பச்சைத் தூளை ஊறவைத்துப் பிழிந்தால் கட்டஞ்சாயா (பால் விடாத டீ) மாதிரி வடியும். மக்கியது கறுத்து, கையில் நைந்து, மண்வாசனை அடிக்கும். எனக்கு அதுதான் பதம்.

வாங்கும்போது கழுவிய தூளா என்று கேளுங்கள். ஒருமுறை கழுவாத லோடு வந்து, அதன் உப்போடு எங்கள் போர்வெல்லின் உப்புத் தண்ணீரும் சேர்ந்து, நாற்றுகளின் இலைநுனி கருகியது. இப்போது லோடு இறக்குமுன் ஒரு கைப்பிடி ஊறவைத்து, உப்பைக் காட்டும் இசி மீட்டரை விட்டுப் பார்க்கிறேன். குவியலில் தென்னையைத் துளைக்கும் காண்டாமிருக வண்டின் புழு வைக்கும், கிளறிப் பொறுக்க வேண்டும்.

பலன்? கோடையில் இரண்டு நாளுக்கொருமுறை விட்ட தண்ணீரை இப்போது நாலு நாளுக்கொருமுறை விடுகிறேன். உரச்செலவு குறையும் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். மரத்துக்கு வருஷம் 1.3 கிலோ யூரியா, 2 கிலோ சூப்பர் பாஸ்பேட், 2 கிலோ பொட்டாஷ் என்று இரண்டு தவணையாக வைப்பது அப்படியேதான். மண் பரிசோதனை பார்த்துப் பொட்டாஷில் மட்டும் கால்பங்கு குறைத்தேன். காய் கூடியதா என்றால், நல்ல மழை வருஷமும் வந்தது, வெள்ளை ஈ வருஷமும் வந்தது. அதைத் தூளின் கணக்கில் எழுத எனக்கு மனமில்லை.

முன்பு வண்டி வாடகை கொடுத்தால் தூள் சும்மா. இப்போது கட்டியாக அழுத்திக் கப்பலேற்றுகிறார்கள், விலையும் ஏறிவிட்டது. இந்த வருஷம் ஒரு லோடுதான் எடுத்தேன். மீதிப் பாத்திக்குச் சொந்தத் தோப்பு மட்டையை வெட்டிப் போட்டிருக்கிறேன்.