புண் பராமரிப்பு ஆப்: இரண்டு வருடமாகியும் ஆறாத கோபம்

இன்னொரு கல்லூரியில் நர்சிங் பாடம் எடுக்கும் தோழி, நான் என் நர்சிங் மாணவர்களுக்கு இரண்டு வருடமாகப் பயன்படுத்தும் புண் பராமரிப்பு ஆப்பைத் தன் மாணவர்களுக்கும் வாங்கலாமா என்று நேற்று கேட்டாள். ஒரு வார்த்தையில் சொல்ல வரவில்லை. படம், வினாடி வினா, டிரஸ்ஸிங் வீடியோ எல்லாம் வழக்கமான சரக்குதான், அதை விடுங்கள்.

நல்லதை முதலில் சொல்லிவிடுகிறேன், அப்புறம் கோபத்தில் மறந்துவிடும். புண்ணைக் கடிகாரமாக நினைத்துக்கொள், தலைப்பக்கம் 12, கால்பக்கம் 6 என்று வருடக்கணக்காகப் போர்டில் வட்டம் போட்டுச் சொல்லியிருக்கிறேன். தலையாட்டுவார்கள். வார்டுக்குப் போனால் புண்ணின் வாயில் தெரிகிற நீளத்தையும் அகலத்தையும் மட்டும் அளந்து எழுதுவார்கள், ஓரத்துக்கு அடியில் தோல் பிரிந்து குடைந்து போயிருப்பது யாருக்கும் தோன்றாது. இந்த ஆப்பில், திரையில் இருக்கும் பஞ்சுக் குச்சியை விரலால் நகர்த்தினால் அது ஓரத்துக்கு அடியில் சரசரவென்று உள்ளே போகிறது, பக்கவாட்டு வெட்டுத் தோற்றமும் கூடவே தெரிகிறது. இப்போது "9 மணி திசையில் 2 செ.மீ." என்று நான் கேட்காமலே எழுதுகிறார்கள். முதல் தடவை அதைப் படித்தபோது எனக்குக் கொஞ்சம் பொறாமையாகக்கூட இருந்தது.

சரி, கோபத்துக்கு வருகிறேன். படுக்கைப்புண் ஸ்டேஜ் 1, அதாவது ஆரம்ப நிலை. தோல் கிழியவில்லை, ஆனால் சிவந்திருக்கிறது, விரலால் அழுத்தி எடுத்தாலும் வெளுக்கவில்லை. அதற்கு இந்த ஆப்பில் 19 படங்கள், உட்கார்ந்து எண்ணினேன், அத்தனையும் வெளிர் தோல். கறுத்த தோலில் அந்தச் சிவப்பு கண்ணுக்குப் படாது, அழுத்தினால் வெளுப்பதும் சரியாகத் தெரியாது. வினாடி வினாவில் 10-க்கு 9 வாங்கிய பெண் ஒருத்தி, கறுத்த தோல் உள்ள ஒரு பாட்டியின் இடுப்பெலும்புப் பக்கத்தைப் பார்த்துவிட்டு "சிவப்பு எதுவும் இல்லை மேடம்" என்று எழுதி வைத்தாள். வார்டு சிஸ்டர் கை வைத்துப் பார்த்தார்: சுற்றியுள்ள தோலைவிடச் சூடு, தொட்டால் கெட்டி, பாட்டி முகத்தைச் சுளித்தார். அந்தப் பெண் அலட்சியமாக இருந்தாள் என்று சொல்ல மாட்டேன். ஆப் எதைத் தேடச் சொல்லிக் கொடுத்ததோ அதைத் தேடியிருக்கிறாள், அவ்வளவுதான். அதன்பிறகு ஸ்டேஜ் 1 வகுப்பில் போனை மூடி வைக்கச் சொல்லிவிட்டு, பக்கத்துத் தோலோடு ஒப்பிட்டுத் தொட்டுப் பார், சூடா குளிரா, கெட்டியா தொளதொளப்பா, வலிக்கிறதா, நிறம் கொஞ்சம் கருநீலம் ஏறியிருக்கிறதா என்று நானே நடத்துகிறேன்.

ஆப்காரர்களுக்கு மூன்று முறை எழுதினேன். "உங்கள் கருத்துக்கு நன்றி." அடுத்த அப்டேட்டில் மாறியது ஒரு பட்டனின் நிறம், அதுவும் சிவப்பு.

வாடை, கசிவின் பிசுபிசுப்பு இதெல்லாம் எந்தப் போனிலும் வராது, அதற்கு ஆப்பைத் திட்டி என்ன பயன். ஆனால் கிளவுஸ் போட்ட கையோடு போனைத் தடவிவிட்டு அதே கையால் டிரஸ்ஸிங்கைப் பிரிக்கப் போன ஒருவனைப் பார்த்த நாளிலிருந்து, நோயாளி பக்கத்தில் ஆப் கிடையாது.

தோழிக்கு என் பதில்: வாங்காதே. நான் போன வாரம்தான் இன்னொரு வருடத்துக்குப் புதுப்பித்தேன், அந்தக் கடிகாரத்துக்காக.