வாசலில் கட்டணமா, உள்ளே வருமானமா: சீனாவில் ஈபேயும் தாவோபாவும்

பொருளைக் கொண்டுவருபவர்களும் அதை வாங்கும் கூட்டமும் பயனர்களே என்னும்போது, ஓர் இணையச் சந்தை யாரிடம், எந்தக் கட்டத்தில் காசு கேட்பது என்பதுதான் அதன் வணிகத் திட்டத்தின் உயிர்நாடி. இந்தக் கேள்விக்கு அமெரிக்க இணைய ஏலத் தளமான ஈபேயும் சீன இணையச் சந்தையான தாவோபாவும் 2003 முதல் 2006 வரை சீனாவில் நேர் எதிரான இரண்டு விடைகளை முன்வைத்தன.

ஈபே வலுவான இடத்திலிருந்து தொடங்கியது. ஷாங்காயைச் சேர்ந்த ஈச்நெட் நிறுவனத்தின் மூன்றில் ஒரு பங்கை 2002-இல் 3 கோடி டாலருக்கும், எஞ்சியதை 2003-இல் சுமார் 15 கோடி டாலருக்கும் வாங்கி, அந்நாட்டின் முதன்மை ஏலத் தளத்தைத் தன்வசமாக்கியது. பொருளைப் பட்டியலிடக் கட்டணம், விற்றால் கமிஷன் என்ற அமெரிக்க முறையையே அங்கும் கடைப்பிடித்தது. இந்த ஏற்பாட்டை மூடத்தனம் என்று ஒதுக்கிவிட முடியாது; கட்டணம் இருந்தால் விற்கும் எண்ணம் உள்ளவர் மட்டுமே கடை விரிப்பார், போலிப் பட்டியல்கள் குறையும்.

2003 மே மாதத்தில் சீன மின்வணிக நிறுவனமான அலிபாபா தொடங்கிய தாவோபாவ், விற்பவரிடம் ஒரு காசும் கேட்கவில்லை. 2005 அக்டோபரில் இந்த இலவசத்தை மேலும் மூன்றாண்டுகளுக்கு நீட்டிப்பதாக அது அறிவித்தபோது, இலவசம் என்பது வணிக முறையே அல்ல என்று ஈபே வெளிப்படையாகப் பதில் தந்தது. பலரும் இந்தப் போட்டியை இலவசத்துக்கும் கட்டணத்துக்குமான சண்டையாக மட்டுமே சொல்வதுண்டு. என் பார்வையில் அது பாதிக் கதைதான்.

மீதிக் கதை பேரத்தில் இருக்கிறது. தாவோபாவில் பொருளின் பக்கத்திலேயே வாங்வாங் என்ற அரட்டைச் சின்னம் இருக்கும்; விற்பவர் இணைப்பில் இருக்கிறாரா என்பதை அது காட்டும்; அழுத்தினால், நிறம் வெளுக்குமா, இரண்டு எடுத்தால் விலை குறையுமா என்று நேராகக் கேட்டுவிடலாம். கமிஷனை நம்பியிருந்த ஈபேக்கு அந்த உரையாடலே ஆபத்து. இருவரும் பேசிக்கொண்டால் வியாபாரத்தைத் தளத்துக்கு வெளியே முடித்துக்கொள்வார்களே என்ற அச்சத்தில், அவர்களுக்கிடையிலான தொடர்பை அது மட்டுப்படுத்தியது. வருமானம் வரும் வழியே பயனர்களைப் பிரித்து வைக்கும் சுவராக மாறியதை இந்த ஒப்பீட்டின் மையமாக நான் கருதுகிறேன்.

பணத்திலும் இதே வேறுபாடு தெரிந்தது. தாவோபாவில் பணம் செலுத்த உதவிய அலிபே முறையில் வாங்குபவர் கட்டும் தொகை இடையில் நிறுத்திவைக்கப்படும். பொருள் கைக்கு வந்து, சரியாக இருக்கிறது என்று அவர் உறுதி செய்த பிறகே விற்பவருக்குப் போய்ச் சேரும். கடன் அட்டைப் புழக்கம் குறைவாக இருந்த, முகம் தெரியாதவரை நம்பிப் பணம் அனுப்பத் தயங்கிய மக்களுக்கு, நட்சத்திர மதிப்பீடுகளைவிட இது பெரிய உத்தரவாதம். ஈபேயோ 2004-இல் ஈச்நெட்டைத் தன் உலகளாவிய தளத்துக்கு மாற்றியது. பக்கங்கள் மெதுவாகத் திறந்தன, பழகிய வசதிகள் மறைந்தன. 2006 டிசம்பரில் சீனத் தளத்தை மூடி, டாம் ஆன்லைன் என்ற சீன இணைய நிறுவனத்துடனான கூட்டு முயற்சியில் 49 விழுக்காட்டுப் பங்குக்கு ஒதுங்கிக்கொண்டது.

ஆனால் தாவோபாவின் வழியை எல்லோரும் அப்படியே பின்பற்றிவிட முடியாது. 2005-இல் யாகூ அலிபாபாவில் போட்ட 100 கோடி டாலர் போன்ற பின்பலம் இல்லாத நிறுவனம், கட்டணத்துக்குப் பதிலாக விளம்பர வருமானம் வரும் நாள்வரை தாக்குப்பிடிக்காது. திறந்த வாசலுக்கு இன்னொரு விலையும் இருந்தது: போலிச் சரக்கு பெருகி, 2011-இல் அமெரிக்க வர்த்தகப் பிரதிநிதி அலுவலகத்தின் அவப்பெயர் பெற்ற சந்தைகள் பட்டியலில் தாவோபாவ் இடம்பெற்றது. அதற்கு முன்பே, 2008-இல், தாவோபாவ் மால் என்ற தனிப் பிரிவைத் தொடங்கிய அலிபாபா, அங்கே கடை வைக்க வந்த நிறுவனங்களிடம் வைப்புத்தொகையும் கமிஷனும் வாங்கியது.