மழைக்கு நெட் போனாலும் மெயில்ல வந்த பைல் திறக்கணும்: கோத்தகிரியில இருந்து ஒரு தண்டர்பேர்ட் ரிவ்யூ

தண்டர்பேர்ட்ன்ற மெயில் சாஃப்ட்வேர் பத்தி வர்ற ரிவ்யூ எல்லாம் பாத்தீங்கன்னா தீம் நல்லாருக்கு, கேலண்டர் நல்லாருக்கு, டார்க் மோட் இருக்குன்னு தான் போகுது, மலை மேல உக்காந்து வேலை பாக்குறவங்களுக்கு அதெல்லாம் அப்புறம், நெட் இல்லாத நேரத்துல மெயில்ல வந்த பைல் லேப்டாப்ல திறக்குமா திறக்காதா அது தான் முதல் கேள்வி. அதனால இந்த ரிவ்யூ அத மட்டும் வச்சு தான். முடிவ முன்னாடியே சொல்லிடறேன், திறக்கும், ஆனா இன்ஸ்டால் பண்ண கையோட திறக்கும்னு நம்பிட்டு இருந்தீங்கன்னா திறக்காது.

நான் இருக்குறது சிறு விவசாயிங்க கிட்ட பச்சை தேயிலை வாங்கி டீத்தூள் போடுற பேக்டரி ஆபீஸ்ல. குன்னூர் ஏலத்துக்கு ப்ரோக்கர் அனுப்புற கேட்டலாக், வேல்யூவேஷன் எக்ஸெல், ஆடிட்டர் அனுப்புற ஜிஎஸ்டி ஷீட், பேங்க் ஸ்டேட்மென்ட், வாங்குறவங்க ஆர்டர் எல்லாமே மெயில்ல அட்டாச்மென்ட்டா தான் வரும். கூடலூர் பந்தலூர் பக்கம் ஆனி ஆடியில மழை அடிக்கும், கோத்தகிரி பக்கம் எங்களுக்கு ஐப்பசி கார்த்திகை தான் பெரிய மழை, அப்ப ஒரு கற்பூர மரம் லைன் மேல சாஞ்சா போதும் கரண்ட் போயிடும், கொஞ்ச நேரத்துல டவர் பேட்டரியும் தீந்துடும், மண்ணு சரிஞ்சா பைபர் கேபிளும் அறுந்துடும், ஹாட்ஸ்பாட் போடலாம்னா போன்லயும் சிக்னல் இருக்காது. லேப்டாப்ல மட்டும் சார்ஜ் இருக்கும். மிஷின் ஜெனரேட்டர்ல ஓடிட்டு இருக்கும், முதலாளி வந்து ஏலத்துக்கு போற அந்த தூள் லாட்டுக்கு என்ன வேல்யூ போட்டிருக்காங்கன்னு கேப்பாரு, நீங்க மெயில திறந்தா சுத்திக்கிட்டே இருக்கும்.

இங்க புரிஞ்சுக்க வேண்டியது என்னன்னா லிஸ்ட்ல மெயில் தெரியுது, பக்கத்துல க்ளிப் படம் தெரியுது, சில சமயம் பைல் பேரும் சைஸும் கூட தெரியுது, ஆனா பைல் உங்க கிட்ட இல்ல, மெயில் கம்பெனியோட சர்வர்ல இருக்கு. ரேஷன் கடை போர்டுல சர்க்கரை இருப்புன்னு எழுதியிருக்கும், மூட்டை வந்து இறங்குச்சான்றது வேற கதை, அந்த மாதிரி தான். எந்த சாஃப்ட்வேர் போட்டாலும் நாம பாக்க வேண்டியது மூட்டை இறங்குச்சான்னு தான்.

ஜிமெயில்லயே ஆஃப்லைன் இருக்கே, எதுக்கு தனியா ஒரு சாஃப்ட்வேர்னு கேப்பீங்க. இருக்கு, அது மோசமும் இல்ல. செட்டிங்ஸ்ல ஆஃப்லைன்னு ஒரு டேப் இருக்கும், அத ஆன் பண்ணா 7 நாள், 30 நாள், 90 நாள்னு எவ்வளவு மெயில் வச்சுக்கணும்னு கேக்கும், கீழ அட்டாச்மென்ட்டையும் டவுன்லோட் பண்ணவான்னு தனியா ஒரு டிக் இருக்கும், அந்த டிக்க விட்டுட்டு தான் பாதி பேரு ஆஃப்லைன்ல மெயில் வருது பைல் வரலன்னு சொல்றாங்க. ஆனா இது க்ரோம்ல தான், இன்காக்னிட்டோல வேலைக்காகாது, எவனாவது ப்ரவுசர் ஸ்லோவா இருக்குன்னு குக்கீஸ கேஷ எல்லாம் க்ளியர் பண்ணிட்டா மொத்தமா போயிடும், அதோட 90 நாளுக்கு முந்தின கணக்கு கிடைக்காது. எங்களுக்கு மார்ச்ல போன ஏப்ரல் மாச இன்வாய்ஸ் தேவைப்படும். அதனால இது ஒத்து வரல.

முன்னாடி விண்டோஸ் கூடவே வந்த மெயில் ஆப்ப நெறைய பேரு வச்சிருந்தோம், அதுக்கு 2024 டிசம்பர் 31ஓட சப்போர்ட்ட நிறுத்திட்டாங்க. காசு கொடுத்து வாங்குற பழைய அவுட்லுக் இருக்குறவங்க அதுலயே இருங்க, அதுலயும் எவ்வளவு நாள் மெயில லேப்டாப்ல வச்சுக்கணும்னு ஒரு ஸ்லைடர் அக்கவுண்ட் செட்டிங்ஸ்ல இருக்கு, அத இழுத்து விட்டா போதும். எங்க முதலாளிக்கு சாஃப்ட்வேருக்கு காசுன்னாலே அலர்ஜி. தண்டர்பேர்ட் இலவசம், 2004ல இருந்து இருக்குற சாமான், ஜனங்க கொடுக்குற நன்கொடையில ஓடுது, விளம்பரம் இல்ல.

சரி இன்ஸ்டால் பண்ணி ஜிமெயில் அக்கவுண்ட சேத்துட்டீங்க, கூகுள் லாகின் பக்கம் தனியா திறந்து அனுமதி கேக்கும், கொடுத்துட்டா உள்ள வந்துடும். உடனே லிஸ்ட் பூரா மெயில் வந்து நிக்கும், வேலை முடிஞ்சுதுன்னு தோணும். முடியல. முதல்ல வர்றது தலைப்பு மட்டும் தான், உடம்பும், அதாவது உள்ள எழுதியிருக்குறதும், அட்டாச்மென்ட்டும் பின்னாடி மெதுவா சும்மா இருக்குற நேரத்துல இறங்கும், நடுவுல லேப்டாப்ப மூடி வச்சுட்டு டீ குடிக்க போனீங்கன்னா அங்கயே நின்னுடும். கீழ ஸ்டேட்டஸ் பார்ல இத்தனாவது மெயில் இறங்குதுன்னு ஓடிட்டு இருக்கும் பாருங்க, அது ஓடி முடியுற வரைக்கும் விட்டுடணும். பழைய மெயில் நெறைய இருந்தா ராத்திரி சார்ஜர்ல போட்டு ஸ்லீப் ஆகாம செட் பண்ணிட்டு வீட்டுக்கு போறது உத்தமம்.

காத்திருக்க பொறுமை இல்லன்னா ஃபைல் மெனு, அதுல ஆஃப்லைன், அதுல டவுன்லோட் சிங்க் நவ், அத அமுக்கி எந்த ஃபோல்டர்னு காட்டினா அப்பவே இழுக்கும். மெனுவே காணோம்னு சொல்றவங்க ஆல்ட் கீய தட்டுங்க, மேல வந்து நிக்கும்.

அடுத்து அக்கவுண்ட் செட்டிங்ஸ்ல சிங்க்ரனைசேஷன் அண்ட் ஸ்டோரேஜ்னு ஒரு பக்கம் இருக்கு, மொத்த வியாதியும் அங்க தான். மேல எல்லா ஃபோல்டர் மெயிலையும் இந்த கம்ப்யூட்டர்ல வைன்னு ஒரு டிக், அது இருக்கணும். பக்கத்துல அட்வான்ஸ்டுன்னு பட்டன், அதுக்குள்ள எந்தெந்த ஃபோல்டர்னு தனித்தனியா தேர்ந்தெடுக்கலாம். ஜிமெயில்காரங்க அங்க போய் ஆல் மெயில்ன்ற ஃபோல்டருக்கு இருக்குற டிக்க எடுத்து விடுங்க, இல்லன்னா இன்பாக்ஸ்ல இருக்குற அதே மெயில் அதே அட்டாச்மென்ட் அங்கயும் ஒரு தடவ இறங்கி டிஸ்க்கு ரெண்டு மடங்கா ரொம்பும், டேட்டாவும் போகும். ஆனா படிச்ச மெயில இன்பாக்ஸ்ல இருந்து ஒதுக்கி வைக்கிற, அதாவது ஆர்க்கைவ் பண்ற பழக்கம் இருக்குறவங்களுக்கு அந்த மெயில் எல்லாம் ஆல் மெயில்ல மட்டும் தான் இருக்கும், அவங்க எடுக்கக் கூடாது, யோசிச்சு செய்யுங்க.

அதே பக்கத்துல கீழ டிஸ்க் ஸ்பேஸ்னு இருக்கும். வயசு பாக்காம எல்லாத்தையும் இறக்கு, இல்ல கடைசி இத்தன நாள மட்டும் இறக்குன்னு ரெண்டு சாய்ஸ். அதுக்கும் கீழ இத்தன கேபிக்கு மேல இருக்குற மெயில இறக்காதன்னு ஒரு டிக் பாக்ஸ், சும்மா டிக் பண்ணா அங்க 50 கேபின்னு தான் நிக்கும். இந்த காலத்துல 50 கேபியில என்ன வரும், ஒரு செல்போன் போட்டோ கூட வராது. எவனோ டேட்டா மிச்சம் பிடிக்கலாம்னு அத டிக் பண்ணி வச்சிருப்பான், சின்ன மெயில் எல்லாம் ஆஃப்லைன்ல ஜம்முன்னு திறக்கும், பைல் இருக்குற மெயில் மட்டும் திறக்காது, எல்லாரும் ஆன்டிவைரஸ திட்டிட்டு இருப்பாங்க. டிக்க எடுங்க. எடுக்க மனசில்லன்னா பெரிய நம்பரா போடுங்க, போடும்போது ஒண்ணு ஞாபகம் வச்சுக்கோங்க, மெயில்ல பைல் போகும்போது எழுத்தா மாத்தி தான் அனுப்பும், 3 பைட் 4 எழுத்தாகும், 9 எம்பி ஸ்கேன் 12 எம்பிக்கு மேல வந்து நிக்கும்.

எல்லாம் பண்ணியாச்சா, இப்ப டெஸ்ட். மழைக்கு காத்திருக்க வேணாம், வெயில் அடிக்கும்போதே ஃபைல் ஆஃப்லைன்ல வொர்க் ஆஃப்லைன் போடுங்க, இல்ல கீழ இடது மூலையில ஒரு சின்ன ஐகான் இருக்கும் அத தட்டுங்க. அப்புறம் வரிசையா பழைய மெயில் சிலத திறந்து பாருங்க, இறங்காத மெயில்னா இதோட உடம்பு இன்னும் டவுன்லோட் ஆகலன்னு அதுவே எழுதி காட்டும், மழுப்பாது, இது தான் எனக்கு இந்த சாஃப்ட்வேர்ல ரொம்ப புடிச்ச விஷயம். வெறும் சுத்தல் வட்டம் காட்டி ஆள காக்க வைக்கிறது கிடையாது. குயிக் ஃபில்டர்ல அட்டாச்மென்ட் இருக்குறத மட்டும் காட்டுன்னு ஒரு பட்டன் இருக்கு, அத போட்டுட்டு செக் பண்ணா வேகமா முடியும். ஒரு எச்சரிக்கை, டெஸ்ட் முடிஞ்சதும் திரும்ப ஆன்லைன் ஆக்கிடுங்க, எங்க ஆபீஸ்ல ஒரு அக்கா மெயிலே வரலன்னு நெட்காரனுக்கு போன் போட்டு அவரும் பாவம் கட்டபெட்டுல இருந்து மழையில வண்டி ஓட்டிட்டு வந்து பாத்தா வொர்க் ஆஃப்லைன் டிக் ஆகி இருந்துச்சு.

இவ்வளவு பண்ணியும் சில பைல் திறக்காது, அதுல தண்டர்பேர்ட் மேல தப்பில்ல. ஜிமெயில்ல 25 எம்பிக்கு மேல போனா அது அட்டாச்மென்ட்டே இல்ல, ட்ரைவ் லிங்க்கா மாத்தி அனுப்பிடும், பாக்க பைல் மாதிரியே இருக்கும், ஆனா அது வெறும் லிங்க், நெட் இல்லாம திறக்கவே திறக்காது. பெரிய பைல் அனுப்புற ஆளுங்க கிட்ட தம்பி லிங்க்கா அனுப்பாத, ரெண்டா பிரிச்சு அனுப்புன்னு சொல்லி வைங்க, இல்லன்னா நெட் இருக்கும்போதே இறக்கி வைங்க.

இறக்கி வைக்கிறதுலயும் ஒரு சங்கதி. டாக்குமென்ட்ஸ் ஃபோல்டர்ல சேவ் பண்ணோம், பைல் கண்ணு முன்னாடி இருக்கு, ஆனா திறக்கலம்பாங்க. நெறைய லேப்டாப்ல அந்த ஃபோல்டர் ஒன்டிரைவ் கூட இணைஞ்சிருக்கும், பைல் பக்கத்துல மேக படம் இருந்தா அது ஒன்டிரைவ் சர்வர்ல தான் இருக்கு, லேப்டாப்ல இல்ல. ரைட் க்ளிக் பண்ணி ஆல்வேஸ் கீப் ஆன் திஸ் டிவைஸ் கொடுக்கணும். நான் டி ட்ரைவ்ல தனியா ஒரு ஃபோல்டர் போட்டு வருஷம் மாசம்னு பிரிச்சு வச்சுட்டேன், வம்பே இல்ல.

மெயில்ல இருந்து நேரா டபுள் க்ளிக் பண்ணி எக்ஸெல்ல திறந்து அதுலயே திருத்தாதீங்க, அது டெம்ப் ஃபோல்டர்ல இருக்குற காப்பி, வேலை எல்லாம் போயிடும், சேவ் ஆஸ் பண்ணிட்டு திருத்துங்க. சேவ்க்கு பக்கத்துலயே டிடாச்னு ஒண்ணு இருக்கும், அத தொடாதீங்க, அது பைல லேப்டாப்ல வச்சுட்டு மெயில்ல இருந்து எடுத்துடும், சர்வர்லயும் இருக்காது. பிடிஎஃப் தண்டர்பேர்ட் உள்ளயே டேப்ல திறக்கும், தனி ரீடர் வேணாம், வசதி.

சில அரசாங்க ஆபீஸ்ல இருந்து வர்ற வேர்ட் பைல் திறந்தும் எழுத்து பூரா குப்பையா தெரிஞ்சா அது வானவில் பாண்ட் உங்க லேப்டாப்ல இல்லாத பிரச்சனை, பாண்ட்டையும் நெட் இருக்கும்போதே போட்டு வைங்க.

பைல் பாதியில உடைஞ்சு வந்தாலோ லிஸ்ட்டும் மெயிலும் மாறி மாறி காட்டினாலோ ஃபோல்டர் மேல ரைட் க்ளிக், ப்ராப்பர்டீஸ், ரிப்பேர் ஃபோல்டர். அநேகமா சரியாகிடும். ஆனா அது திரும்ப முதல்ல இருந்து இறக்க ஆரம்பிக்கும், மழை கட்டிக்கிட்டு வர்ற நேரத்துல அத போய் அமுக்கி வைக்காதீங்க.

குறைன்னு பாத்தா மெனு எல்லாம் இன்னும் பழைய காலத்து ஆளுக்கு எழுதின மாதிரி தான், 2023ல 115ன்னு வந்த வெர்ஷன்ல முகத்த மாத்தினாங்க, பரவால்ல, ஆனா முக்கியமான ஆஃப்லைன் செட்டிங் எல்லாம் இன்னும் உள்ளுக்குள்ள உள்ளுக்குள்ள தான் இருக்கு. ரெண்டு மூணு பெரிய அக்கவுண்ட் போட்டா 4 ஜிபி ரேம் லேப்டாப் மூச்சு வாங்கும். இறங்கின மெயில் டிஸ்க்ல பூட்டு இல்லாம சும்மா கிடக்கும், ப்ரைமரி பாஸ்வேர்ட் போட்டாலும் அது சேவ் பண்ண பாஸ்வேர்ட தான் காப்பாத்தும், மெயில இல்ல, அதனால ஆபீஸ் லேப்டாப்ல டிஸ்க் என்கிரிப்ஷன் போட்டுடுங்க, பேங்க் ஸ்டேட்மென்ட் எல்லாம் இருக்குல்ல.

பதில் அனுப்புறது பத்தி ஒரு வரி, நெட் இல்லாதப்ப எழுதி அனுப்பினா அவுட்பாக்ஸ்ல நிக்கும், ஆன்லைன் வரும்போது அனுப்பவான்னு கேக்கும், ஆமான்னு சொன்னா போகும். லேப்டாப் மாத்துறவங்க ஹெல்ப் மெனுவுல ட்ரபுள்ஷூட்டிங் இன்ஃபர்மேஷன் போய் ப்ரொஃபைல் ஃபோல்டர் எங்க இருக்குன்னு பாத்து தண்டர்பேர்ட மூடிட்டு அத அப்படியே பென் ட்ரைவ்ல காப்பி எடுத்துக்கோங்க, மெயிலும் பைலும் அதுல தான் இருக்கு. அஞ்சுக்கு நாலு ஸ்டார். கேலண்டர் எப்படின்னு கேக்காதீங்க, எங்க ஆபீஸ்ல செவுத்துல தொங்குற மளிகை கடை கேலண்டர் தான்.