2010-இல் வந்த மூன்று முதலாளிகள்: ஒருவருக்குச் சிலை, ஒருவருக்குக் கூச்சல், ஒருவருக்குக் கோழி

2010-ஆம் ஆண்டு ஏழு மாத இடைவெளியில் பிரிட்டனின் மூன்று பழைய கால்பந்து கிளப்புகள் ஆசிய முதலாளிகள் கைக்குப் போயின. மே மாதம் மலேசியாவின் வின்சென்ட் டான் கார்டிஃப் சிட்டிக்குள் வந்தார். ஆகஸ்டில் தாய்லாந்தின் விச்சாய் ஸ்ரீவத்தனபிரபா லெஸ்டர் சிட்டியை வாங்கினார். நவம்பரில் புனேயின் வெங்கீஸ் குழுமம் பிளாக்பர்ன் ரோவர்ஸை வாங்கியது. மூவரிடமும் பணம் இருந்தது. ஆங்கிலக் கால்பந்து கிளப்பை நடத்திய அனுபவம் மூவருக்குமே கிடையாது. வாங்கிய ஊரோடு எந்த ஒட்டுறவும் கிடையாது.

இன்று லெஸ்டர் மைதானத்துக்கு வெளியே விச்சாய்க்குச் சிலை நிற்கிறது. டானின் பெயரைச் சொன்னால் கார்டிஃப் ரசிகர்கள் முதலில் பேசுவது ஒரு சிவப்பு ஜெர்சியைப் பற்றி. வெங்கீஸ் என்றால் பிளாக்பர்னில் இன்னும் கோபம் ஆறவில்லை. ஒரு முதலாளியை ரசிகர்கள் எதை வைத்து எடைபோடுகிறார்கள் என்று பார்க்க இதைவிடப் பொருத்தமான மூவர் கிடைக்கமாட்டார்கள்.

முதலில் ஒரு சந்தேகத்தைத் தீர்த்துவிடலாம். வெள்ளைக்கார ரசிகர்களுக்கு ஆசிய முதலாளி என்றாலே ஆகாது, அதுதான் விஷயம் என்று நம் பக்கம் சொல்வதுண்டு. வெங்கீஸ் மீதான கிண்டலில் இனவெறி துளியும் கலக்கவில்லை என்று நான் சொல்லமாட்டேன். ஆனால் விச்சாய் இறந்தபோது லெஸ்டர் மைதானத்து வாசலில் பூங்கொத்துகள் மலைபோல் குவிந்தன. மறுபக்கம், மான்செஸ்டர் யுனைடெட் ரசிகர்கள் இருபது ஆண்டுகளாகத் திட்டும் கிளேசர் குடும்பம் அமெரிக்கக் குடும்பம். நியூகாசில் ரசிகர்கள் பதினான்கு ஆண்டுகள் சகிக்கமுடியாமல் சகித்த மைக் ஆஷ்லி அசல் ஆங்கிலேயர். தோல் நிறத்தோடு கணக்கு முடிவதில்லை.

பணம்

முதல் அளவுகோல் பணம்தான் என்று தோன்றும். அப்படியானால் மூவருமே பாஸ். விச்சாய் சுமார் 3.9 கோடி பவுண்டுக்குக் கிளப்பை வாங்கினார். அப்புறம் கிளப்புக்குத் தான் கொடுத்திருந்த 10.3 கோடி பவுண்டு கடனை 2013-இல் பங்காக மாற்றி, கடன் சுமையை இறக்கி வைத்தார். டானும் பல கோடி பவுண்டுகளைக் கொட்டினார். வெங்கீஸ் 2.3 கோடி பவுண்டுக்கு வாங்கி, இருந்த கடனையும் ஏற்றுக்கொண்டு, ஆண்டுதோறும் விழுந்த நஷ்டத்தைத் தன் கையிலிருந்தே கட்டிவந்தது. மொத்தம் 20 கோடி பவுண்டுக்கும் மேல்.

கிளேசர்களோடு ஒப்பிட்டால் வெங்கீஸ் தர்மப்பிரபு. 2005-இல் சுமார் 79 கோடி பவுண்டுக்கு யுனைடெட்டை வாங்கிய கிளேசர்கள் அதில் பெரும்பகுதியைக் கடனாக வாங்கி, அந்தக் கடனைக் கிளப்பின் தலையிலேயே கட்டினார்கள். அதுவரை கடனே இல்லாமல் இருந்த கிளப், தன்னை வாங்கிய செலவுக்குத் தானே வட்டி கட்டியது. வெங்கீஸ் அப்படி எதையும் உறிஞ்சவில்லை. பரி கிளப் மாதிரி மூடுவிழாவும் நடக்கவில்லை. 1885-இல் தொடங்கிய பரியை 2018 டிசம்பரில் ஒருவர் ஒரே ஒரு பவுண்டுக்கு வாங்கினார். அடுத்த ஆகஸ்டில் லீக்கிலிருந்தே தூக்கிவிட்டார்கள். இவ்வளவு இருந்தும் பிளாக்பர்னில் நன்றி இல்லை. அப்படியானால் பணம் நுழைவுச்சீட்டு மட்டும்தான். உட்கார இடம் வேறு எதையோ பார்த்துத்தான் கொடுக்கிறார்கள்.

நிறம்

கார்டிஃப் 1908-இலிருந்து நீல ஜெர்சியில் ஆடிய அணி. செல்லப்பெயரே 'நீலக்குருவிகள்'. 2012-இல் டான் அதைச் சிவப்பாக்கினார். ஆசியாவில் சிவப்பு ராசியான நிறம், சந்தை பெருகும் என்பது வாதம். முத்திரையில் பெரிய டிராகன் வந்து உட்கார, குருவி காலடியில் சுருங்கிப்போனது. ரசிகர்கள் கொதித்ததும் அந்த மே மாதம் திட்டத்தைக் கைவிடுவதாகச் சொன்னார்கள். ஜூனில் மனம் மாறி, சிவப்புதான் என்று உறுதிசெய்தார்கள். கூடவே ஒரு வாக்குறுதி: பழைய கடன் தீரும், பயிற்சி மைதானம் வரும், பணம் வரும்.

பணம் வந்தது, வெற்றியும் வந்தது. 2013-இல் கார்டிஃப் இரண்டாம் டிவிஷனில் முதலிடம் பிடித்து, 1962-க்குப் பிறகு முதல் தடவையாக உச்ச டிவிஷனுக்கு ஏறியது. ஐம்பது வருடக் கனவு. அது நிறைவேறிய நாளில் வீரர்கள் போட்டிருந்த நிறம், செவர்ன் ஆற்றுக்கு அந்தப் பக்கம் இருக்கும் பரம எதிரி பிரிஸ்டல் சிட்டியின் நிறம்! அந்த வருடம் பழைய நீல ஜெர்சியோடு மைதானத்துக்கு வந்தவர்களும் உண்டு, சிவப்பைப் போட்டுக்கொண்டு தலையாட்டியவர்களும் உண்டு. இருவரையும் என்னால் குறைசொல்ல முடியவில்லை. கடனில் கிளப் மூழ்குவதற்கு ஜெர்சி மாறுவது மேல் என்று நினைப்பதும் ஒரு வகைப் பாசம்தான்.

டான் மேட்ச் பார்க்க வரும் கோலம் தனிக்கதை: சட்டை டையின் மேல் சிவப்பு ஜெர்சி, அதை இடுப்புக்கு மேல் ஏற்றிய பேண்டுக்குள் செருகல், கறுப்புக் கண்ணாடி, கையில் கறுப்புத் தோல் கையுறை. உச்ச டிவிஷனான பிரீமியர் லீக்குக்கு ஏற்றிவிட்ட மேனேஜர் மால்கி மக்கேயை 2013 டிசம்பரில் வெளியேற்றினார். அதற்கு இரண்டு மாதம் முன்பு ஆள்பிடிக்கும் துறையின் தலைவரைத் தூக்கிவிட்டு, அந்த இடத்தில் தன் மகனின் நண்பரான 23 வயது இளைஞரை உட்காரவைத்தார் என்று செய்திகள் வந்தன. அந்த சீசன் முடிவில் கார்டிஃப் கடைசி இடம் பிடித்து இறங்கியது.

2015 ஜனவரியில் நீலம் திரும்பியது. மைதானத்தில் கூட்டம் குறைந்திருந்தது, போராட்டம் ஓயவில்லை. டான் இறங்கிவந்தார். 2018-இல் மறுபடி பிரீமியர் லீக்கில் ஏறினார்கள், நீலத்திலேயே. ராசி நிறம் என்ற வாதம் அதோடு காலி.

லெஸ்டரில் விச்சாய் எதையும் மாற்றவில்லையா? மாற்றினார். 2011-இல் மைதானத்தின் பெயரைத் தன் கம்பெனியின் பெயராக, கிங் பவர் ஸ்டேடியமாக மாற்றினார். யாரும் தெருவில் இறங்கவில்லை. காரணம் எளிது: 2002-இல் கட்டிய அந்த மைதானத்துக்கு அதுவரை இருந்ததும் ஒரு சிப்ஸ் கம்பெனியின் பெயர்தான். அதே 2011-இல் நியூகாசிலில் மைக் ஆஷ்லி, நூற்றாண்டுப் பழமையான செயின்ட் ஜேம்ஸ் பார்க்குக்குத் தன் விளையாட்டுப் பொருள் கடையின் பெயரைச் சூட்டினார், ஊரே எரிந்தது. மாற்றமே கூடாது என்பதில்லை. விற்பதற்கு எது, தொடக்கூடாதது எது என்று ரசிகர்கள் நுணுக்கமாகப் பிரித்துவைத்திருக்கிறார்கள். அந்தக் கோடு எங்கே இருக்கிறது என்று ஊரில் நாலு பேரைக் கேட்டாலே சொல்லிவிடுவார்கள். டான் கேட்டார், பதிலும் தெரிந்தது, பிறகும் செய்தார். அவர் மீதான கோபத்துக்கு அதுதான் வேர்.

ஆள் இல்லாத நாற்காலி

வெங்கீஸ் என்றதும் நமக்குச் சிக்கன் நினைவுக்கு வரும். நாமக்கல் முட்டை விலை என்று தினமும் செய்தியில் வருகிறதே, அதை அறிவிக்கும் தேசிய முட்டை ஒருங்கிணைப்புக் குழுவைத் தொடங்கிய பி.வி. ராவ்தான் இந்தக் குழுமத்தின் நிறுவனரும். கிளப்பை வாங்கியது அவருடைய பிள்ளைகள். கோழித் தொழிலை அவ்வளவு நேர்த்தியாக நடத்திய குடும்பம் கால்பந்தில் செய்ததைப் பார்த்தால் நம்பமுடியாது.

வாங்கி ஒரு மாதம்கூட ஆகவில்லை, 13-ஆம் இடத்தில் பாதுகாப்பாக இருந்த அணியின் மேனேஜர் சாம் அல்லர்டைசை நீக்கினார்கள். உதவிப் பயிற்சியாளராக இருந்த ஸ்டீவ் கீனை உட்காரவைத்தார்கள். மேனேஜராக அவருக்கு அனுபவமே இல்லை. ரொனால்டினோ வரப்போகிறார், பெக்காம் வரலாம் என்று பேச்சு. வந்தது, வீரர்கள் உடைமாற்றும் அறையில் உட்கார்ந்து கோழிக்கால் கடிக்கும் ஒரு டிவி விளம்பரம். 2012 மே மாதம் சொந்த மைதானத்தில் விகன் அணியிடம் தோற்று பிரீமியர் லீக்கிலிருந்து இறங்கினார்கள். அன்று கிளப்பின் கொடியைப் போர்த்திய ஒரு கோழியை ரசிகர்கள் ஆடுகளத்துக்குள் விட்டார்கள். அடுத்த சீசனில் இடைக்கால ஆட்களையும் சேர்த்து ஐந்து பேர் மேனேஜர் நாற்காலியில் உட்கார்ந்து எழுந்தார்கள்; ஹென்னிங் பெர்க் 57 நாள், மைக்கேல் ஆப்பிள்டன் 67 நாள்.

இதெல்லாம் அனுபவமில்லாதவர்களின் ஆரம்பத் தடுமாற்றம் என்று விட்டுவிடலாம். விடமுடியாதது அதற்கப்புறம் நடந்தது. எதிர்ப்பு கிளம்பியதும் குடும்பம் ஊர்ப்பக்கம் வருவதையே கிட்டத்தட்ட நிறுத்திவிட்டது. பணம் மட்டும் புனேயிலிருந்து வந்துகொண்டே இருந்தது. மொய்ப்பணத்தை ஆள் மூலம் கொடுத்தனுப்பிவிட்டுக் கல்யாணத்துக்கு எட்டிக்கூடப் பார்க்காத பெரியப்பா மாதிரி. எதற்கு இன்னும் வைத்திருக்கிறார்கள், விற்பார்களா, அணி எங்கே போகவேண்டும் என்று நினைக்கிறார்கள் என எந்தக் கேள்விக்கும் அவர்கள் வாயிலிருந்து பதில் இல்லை. 2017-இல் மூன்றாம் டிவிஷனுக்கே போய், மறு ஆண்டு திரும்பினார்கள். பின்னர் இந்தியாவில் அமலாக்கத் துறை விசாரணை காரணமாகக் கிளப்புக்குப் பணம் அனுப்பவே டெல்லி உயர் நீதிமன்றத்தின் அனுமதி தேவைப்பட்டது. இங்கிலாந்தின் லங்காஷயரில் இருக்கும் அணியின் பட்ஜெட்டுக்கு டெல்லியில் வாய்தா! அந்த நெருக்கடிக் காலத்தில், 2024 தொடக்கத்தில், பிளாக்பர்ன் அகாடமியில் வளர்ந்த உள்ளூர்ப் பையன் ஆடம் வார்ட்டனை கிரிஸ்டல் பேலஸ் வாங்கிக்கொண்டு போனது. 2025 பிப்ரவரியில் அணி பிளே-ஆஃப் இடத்தில் இருக்கும்போதே மேனேஜர் ஜான் யூஸ்டஸ் கிளம்பி, தரமிறங்கும் ஆபத்தில் இருந்த டெர்பிக்குப் போனார். மேலே ஏறக்கூடிய அணியை விட்டுவிட்டு ஒருவர் கீழே விழப்போகிற அணிக்குப் போகிறார் என்றால் உள்ளே என்ன நிலைமை என்று ஊகித்துக்கொள்ளலாம்.

பிளாக்பர்ன்காரர்களிடம் வேறொரு அளவுகோலும் இருந்தது, வெங்கீஸின் துரதிர்ஷ்டம் அது. ஜாக் வாக்கர். அதே ஊரில் பிறந்து, எஃகு வியாபாரத்தில் சம்பாதித்து, 1991-இல் கிளப்பைக் கையில் எடுத்தவர். டால்கிளிஷை மேனேஜராக்கி, கோல் அடிக்க ஷியரரை வாங்கி, எவுட் பார்க் மைதானத்தைப் புதுப்பித்து, 1995-இல் லீக் பட்டத்தையே வாங்கிக்கொடுத்தார். அவரும் ஜெர்சி தீவில் குடியிருந்தவர்தான், ஊரிலேயே கிடக்கவில்லை. ஆனால் தோல்வி வலித்தால் அவருக்கும் வலிக்கும் என்று ஊருக்குத் தெரியும். அந்த நம்பிக்கையைப் பணத்தால் கட்டமுடியாது.

டோனட்டும் பட்டமும்

விச்சாயைப் பற்றிப் பேசும்போது எல்லோரும் சொல்வது பிறந்தநாள் பீர். ஏப்ரல் 4-ஐ ஒட்டிய மேட்சுக்கு வருபவர்களுக்கு இலவச பீர், டோனட். 60 வயது நிறைந்தபோது 60 சீசன் டிக்கெட்டுகளைக் குலுக்கலில் கொடுத்தார். ஊர் மருத்துவமனையின் குழந்தைகள் பிரிவுக்கு 20 லட்சம் பவுண்டு. பாங்காக்கிலிருந்து புத்த பிட்சுகள் வந்து வீரர்கள் மீது புனித நீர் தெளிப்பார்கள். அதையும் லெஸ்டர்காரர்கள் சிரித்தபடியே ஏற்றுக்கொண்டார்கள். டானின் ராசி நிறம் எரிச்சல், விச்சாயின் ராசித் தண்ணீர் வேடிக்கை. தன் நம்பிக்கையை அவர் ரசிகர்கள் மேல் திணிக்கவில்லை என்பதுதான் வித்தியாசம்.

ஆனால் ஒன்றைச் சொல்லாமல் விட்டால் நான் ஏமாற்றுகிறேன் என்று அர்த்தம். 2016-இல் ஒன்றுக்கு ஐயாயிரம் என்று பந்தயக்காரர்கள் ஒதுக்கிவைத்த பிரீமியர் லீக் பட்டத்தை லெஸ்டர் வென்றது. அது இல்லாமல் டோனட்டுக்கு இவ்வளவு புகழ் கிடைத்திருக்குமா? கிடைத்திருக்காது. பட்டம் வாங்கிக்கொடுத்த மேனேஜர் ரனியேரியை ஒன்பதே மாதத்தில் விச்சாய் நீக்கினார். அந்தக் கோபமும் சீக்கிரம் அடங்கியது. 2018 அக்டோபர் 27 இரவு, மேட்ச் முடிந்து வழக்கம்போல் மைதானத்தின் நடுவிலிருந்து கிளம்பிய ஹெலிகாப்டர் வெளியே விழுந்து அவர் இறந்தார். அகால மரணம் விமர்சனத்தை நிறுத்திவிடும். மகன் ஐயாவத் காலத்தில் 2021 எஃப்.ஏ. கோப்பை வந்தது, 2023-இலும் 2025-இலும் தரமிறக்கம் வந்தது, நிர்வாகத்துக்கு எதிரான கோஷமும் வந்தது. அதே குடும்பம், அதே பணம். அப்பா இருந்திருந்தால் அவருக்கும் கொஞ்சம் கிடைத்திருக்கும்.

யாரை எடுப்பேன்?

விச்சாய் முதலிடம் என்பதில் தகராறு இல்லை. சண்டை இரண்டாம் இடத்துக்குத்தான், அதை நான் டானுக்குக் கொடுப்பேன். கார்டிஃப் ரசிகர்கள் சிலர் என்னை அடிக்க வரலாம். டான் செய்தது பெரிய தப்பு, ஆனால் செய்த ஆள் எதிரே உட்கார்ந்திருந்தார். கூச்சல் அவர் காதில் விழுந்தது, கடைசியில் ஜெர்சி நீலமானது. பிற்காலத்தில் அவரும் வருவது குறைந்து, 2025-இல் அணி மூன்றாம் டிவிஷனுக்கு இறங்கியபோது அவர் மதிப்பும் கூடவே இறங்கியது. பிளாக்பர்னில் தொடக்கத்திலிருந்தே சண்டை போடக்கூட ஆள் இல்லை.

2025-இல் பிரிட்டனில் நிறைவேறிய கால்பந்து நிர்வாகச் சட்டப்படி, முத்திரையையோ சொந்த மைதான ஜெர்சியின் நிறத்தையோ மாற்ற ரசிகர்களின் ஆதரவு வேண்டும். மைதானத்தை விற்க ஒழுங்குமுறை அமைப்பின் அனுமதி வேண்டும். டான் செய்ததை இனி ஒருவர் நினைத்த மாத்திரத்தில் செய்யமுடியாது. பணத்தை அனுப்பிவிட்டுப் பேசாமல் இருக்கும் முதலாளியை மேட்சுக்கு வரவைக்க அதில் பிரிவு ஏதும் இல்லை. பிளாக்பர்ன் ரசிகர்களுக்கு அந்தச் சட்டத்தால் பெரிய பிரயோசனம் இருக்கும் என்று எனக்குத் தோன்றவில்லை.