எம்.எஃப்.ஐ. ஒன்றுதான், ஓட்டம் வேறு: குறுகிய பரவலா, அகன்ற பரவலா?

பை ஊதும் பட்டறைக்கு இரண்டு மூட்டை எல்.எல்.டி.பி.இ. (படலம் ஊதும் பாலிஎத்திலீன் வகை) வருகிறது. இரண்டிலும் எம்.எஃப்.ஐ. (உருகியது எவ்வளவு எளிதாக வழிகிறது என்ற எண்) 1, அடர்த்தி 0.918. ஒன்று சீக்ளர்–நாட்டா வினையூக்கியில் செய்தது, மற்றது மெட்டலோசீன் என்ற வினையூக்கியில். தாளில் பார்த்தால் இரட்டைப் பிள்ளைகள். எக்ஸ்ட்ரூடரில் போட்டதும் சாயம் வெளுத்துவிடும். மெட்டலோசீன் ஓடும்போது மோட்டார் ஆம்பியர் ஏறும், டைக்கு (உருகல் வெளிவரும் வாய்) முன்னால் அழுத்தம் கூடும், படலத்தின் மேல் சுறாத்தோல் போலச் சொரசொரப்பு விழும்.

காரணம் மூலக்கூறு எடையின் பரவல்: பிளாஸ்டிக்கின் மூலக்கூறுச் சங்கிலிகள் நீளத்தில் எவ்வளவு வேறுபடுகின்றன என்பது. அதை அளக்கும் எண் பெரிதானால் பரவல் அகலம். எடைச் சராசரியை எண்ணிக்கைச் சராசரியால் வகுத்தால் மெட்டலோசீனுக்கு 2-ஐ ஒட்டி வரும்; சீக்ளர்–நாட்டாவுக்கு ஏறக்குறைய 4. குரோமியம் வினையூக்கியில் செய்யும் எச்.டி.பி.இ.க்கு (அடர்த்தி கூடிய பாலிஎத்திலீன்) 10-ஐத் தாண்டுவது சாதாரணம்.

எம்.எஃப்.ஐ. என்பது 190 டிகிரி செல்சியஸில், 2.16 கிலோ எடை அழுத்த, 10 நிமிடத்தில் எத்தனை கிராம் வழிகிறது என்ற கணக்கு. எம்.எஃப்.ஐ. 1 உள்ள உருகல் அந்தக் கருவியில் நகரும் ஷியர் ரேட் (அடுக்குகள் ஒன்றன்மேல் ஒன்று வழுக்கும் வேகம்) வினாடிக்கு ஓரிரண்டுதான். படலம் ஊதும் டையில் அது சில நூறு. நடக்கவிட்டுப் பார்த்து, ஓட்டப் பந்தயத்துக்கு ஆள் எடுப்பது போன்ற வேலை இது.

இடையில் நடப்பதுதான் சுவையானது. நீளச் சங்கிலிகள் ஒன்றோடொன்று சிக்கிக்கொள்ளும். சிக்கல் விழும் அளவுக்கு நீளமானபின், எடை இரு மடங்கானால் அசைவற்ற நிலையின் பாகுத்தன்மை பத்து மடங்குக்கு மேல் ஏறும் (எடையின் 3.4-ஆம் அடுக்கு). அகன்ற பரவலில் மிக நீளமான சங்கிலிகள் சில உண்டு. சிக்கலை அவிழ்த்துக்கொள்ள அவற்றுக்கு நெடுநேரம் வேண்டும். அதனால் மெதுவான ஷியரிலேயே அவை நீண்டு ஒழுங்குபட, பாகுத்தன்மை சீக்கிரமே சரியத் தொடங்குகிறது. குறுகிய பரவலில் எல்லாச் சங்கிலியும் கிட்டத்தட்ட ஒரே நீளம். குறிப்பிட்ட வேகம் வரும்வரை விட்டுக்கொடுக்காது. டைக்குள் அது இறுக்கமாக இருப்பதும், வாயில் தோல் கிழிவதும் இதனால்தான்.

அப்படியானால் மெட்டலோசீன் வேண்டாமா? பால் பாக்கெட் போல, கீழே விழுந்தால் வெடிக்கக் கூடாத பைக்கு நான் அதைத்தான் எடுப்பேன். குத்துத் தாங்கும், குறைந்த சூட்டிலேயே ஒட்டும். அந்தப் பெருமை முழுவதும் குறுகிய பரவலுக்குச் சேராது. பக்கவாட்டில் முளைக்கும் குட்டைக் கிளைகள் எல்லாச் சங்கிலியிலும் சீராக அமைவதற்கும் பங்குண்டு. அதற்குக் கொடுக்கும் விலை: டை இடைவெளியை அகட்டுவது, ஃப்ளூரோபாலிமர் துணைப்பொருள் சேர்ப்பது, அல்லது 10–20 சதவீதம் எல்.டி.பி.இ. (நீண்ட கிளைகள் உள்ள பாலிஎத்திலீன்) கலப்பது. கலந்தால் குமிழும் ஆடாமல் நிற்கும், ஆனால் வலுவில் கொஞ்சம் போகும்.

குடம் ஊதுபவருக்கு இந்தக் கேள்வியே எழாது: அகன்ற பரவல்தான். டையிலிருந்து இறங்கும் குழாய், அச்சு மூடும்வரை தன் எடையில் தொங்க வேண்டும். அங்கே ஷியர் இல்லாததால் நீளச் சங்கிலிகளின் சிக்கல் தாங்கிப் பிடிக்கிறது. டைக்குள்ளோ அதே பொருள் இளகி ஓடுகிறது. டை தாண்டியதும் அதிகமாக உப்பும், அதை அச்சுக் கணக்கில் முன்கூட்டியே சேர்த்துவிட வேண்டும்.

இஞ்செக்ஷனில் வாளி மூடி போடுபவருக்கு நேர் எதிர். நீட்டப்பட்டபடியே உறையும் நீளச் சங்கிலிகள் மூடியைக் கோணலாக்கும். எம்.எஃப்.ஐ. உயர்ந்த, குறுகிய பரவல் கிரேடு தட்டையாக நிற்கும். நூல் இழுக்கும் பாலிப்ரொப்பிலீனுக்கும் இதே வழி: பெராக்சைடு சேர்த்து, நீளமானவற்றையே அதிகம் வெட்டிப் பரவலைச் சுருக்குகிறார்கள்.

பி.இ.100 குடிநீர்க் குழாய் இரண்டு பக்கத்தையும் பிடித்துக்கொள்கிறது. தொடர் உலைகளில் குட்டையும் நீளமுமாக இரு கூட்டம் சங்கிலி செய்கிறார்கள்: குட்டை ஓட்டத்துக்கு, நீளம் விரிசலைத் தடுக்க.

கிரேடு வாங்கும்போது 2.16 கிலோ எண்ணோடு, அதே சோதனையை 21.6 கிலோ எடையில் செய்த எண்ணையும் கேளுங்கள். விகிதம் கூடினால் பரவல் அகலம். இரண்டின் விகிதம் நேர்ச்சங்கிலி மெட்டலோசீனில் 16 சுற்றி, சீக்ளர்–நாட்டா எல்.எல்.டி.பி.இ.யில் 25–30. நீண்ட கிளைகள் இருந்தால் மட்டும் இந்த விகிதம் ஏமாற்றும். பரவல் குறுகலாக இருந்தும் எண் உயர்ந்து நிற்கும். ஆகவே கிளை உண்டா என்பதையும் சேர்த்துக் கேட்டுவிடுங்கள்.