நிறுத்தச் சொன்னால் நிற்குமா? கதிர்வீச்சுப் பாதுகாப்பில் மூன்று வேலைகள்

இயற்பியல் படித்துவிட்டுக் கதிர்வீச்சுப் பாதுகாப்புப் பக்கம் வர நினைப்பவர்களுக்குத் தமிழ்நாட்டில் முக்கியமாக மூன்று வழிகள் உண்டு. புற்றுநோய் மருத்துவமனையில் மெடிக்கல் பிசிசிஸ்ட், அதாவது சிகிச்சைக் கதிர்வீச்சின் அளவைச் சரிபார்க்கும் இயற்பியலாளர். வெல்டிங் இணைப்புகளைப் படமெடுத்துச் சோதிக்கும் ரேடியோகிராஃபி நிறுவனத்தில் ஆர்எஸ்ஓ, அதாவது கதிர்வீச்சுப் பாதுகாப்பு அதிகாரி. கல்பாக்கம், கூடங்குளம் போன்ற அணுமின் நிலையங்களில் ஹெல்த் பிசிசிஸ்ட், அதாவது ஊழியர்களின் கதிர்வீச்சுப் பாதுகாப்பைக் கவனிப்பவர். மூன்றுக்கும் அணுசக்தி ஒழுங்குமுறை வாரியமான ஏஇஆர்பியின் விதிகள்தான். டோஸ் (உடல் வாங்கும் கதிர்வீச்சின் அளவு) வரம்பும் ஒன்றே: ஐந்தாண்டு சராசரி ஆண்டுக்கு 20 மில்லிசீவர்ட், எந்த ஓர் ஆண்டிலும் 30-ஐத் தாண்டக் கூடாது. சம்பளம், ஊர், ஷிஃப்ட் எல்லாம் நாலு பேரிடம் விசாரித்தால் தெரிந்துவிடும்.

விசாரித்தாலும் எளிதில் தெரியாத ஒன்று உண்டு. நீங்கள் “நிறுத்துங்கள்” என்று சொன்னால் அங்கே வேலை நிற்குமா? என் சாய்வு மருத்துவமனை பக்கம் இருப்பதற்கு இதுதான் காரணம்.

முதலில் ரேடியோகிராஃபி. திருச்சி வட்டாரத்தில் பாய்லர், பிரஷர் வெசல் செய்யும் பட்டறைகளைச் சுற்றி இந்த வேலைக்குக் குறைவில்லை. மூடிய கான்கிரீட் அறைக்குள் எடுக்கிற இடம் என்றால் கவலை குறைவு. திறந்த சைட்டில் எடுக்கும்போதுதான் சிக்கல். படமெடுக்கும் சோர்ஸ், அதாவது 50 கியூரி இரிடியம்-192, கேமரா எனப்படும் அதன் காப்புப் பெட்டியிலிருந்து வெளியே வந்து நின்றால், 1 மீட்டரில் மணிக்குச் சுமார் 240 மில்லிசீவர்ட். அங்கே 5 நிமிடம் நின்றால் ஓராண்டுக்கான 20 முடிந்துவிடும். கதிரை ஒரு திசைக்கு அடக்கும் கொலிமேட்டர் போடாமல் எடுத்தால், மணிக்கு 10 மைக்ரோசீவர்ட்டுக்கு இறங்க 150 மீட்டருக்கு மேல் விலக வேண்டும். அங்கே காப்புச் சுவர் கிடையாது. தூரம், கயிறு, காவல் நிற்கும் ஆள், அவ்வளவுதான்.

தவறு நடக்கும் இடமும் தெரிந்ததே. சோர்ஸ் இருக்கும் பிக்டெயில் என்ற குட்டைக் கம்பி, அதைத் தள்ளி இழுக்கும் டிரைவ் கேபிளில் சரியாக மாட்டவில்லை என்றாலோ, சோர்ஸ் போய்வரும் கைடு டியூப் நசுங்கியிருந்தாலோ, உள்ளே இழுக்கக் கிராங்க்கை முழுக்கச் சுற்றிய பிறகும் சோர்ஸ் டியூபுக்குள்ளேயே நின்றுவிடும். கேமராவைப் பார்த்து இதைக் கண்டுபிடிக்க முடியாது. ஒவ்வொரு எக்ஸ்போஷருக்குப் பிறகும் கதிர்வீச்சை அளக்கும் சர்வே மீட்டரை ஆன் செய்து கையில் பிடித்தபடியே கேமராவை நெருங்கி, டியூபின் நுனிவரை பார்க்க வேண்டும். பேட்டரி செத்த மீட்டரும் பூஜ்யம்தான் காட்டும். ஆகவே கிளம்புமுன் பேட்டரி சோதனை கட்டாயம். இரிடியத்தின் அரை ஆயுள் சுமார் 74 நாள். அந்தக் காலம் கடந்தால் அதே படத்துக்கு இரு மடங்கு நேரம் பிடிக்கும். ஆனால் இரவுக்கு இத்தனை ஜாயின்ட் என்ற கணக்கு மட்டும் குறையாது. சர்வேயும் கயிறும் கைநழுவுவது அப்போதுதான். ஒரே இரவில் மூன்று சைட்டில் வேலை என்றால் ஆர்எஸ்ஓ ஒரு சைட்டில்தான் இருக்க முடியும். மற்ற இரண்டில் யார் நிறுத்துவார்கள்?

அணுமின் நிலையத்தில் நிலைமை நேர்மாறு. கதிர்வீச்சுப் பகுதியில் வேலை தொடங்க அனுமதிச் சீட்டு வேண்டும். அதில் ஹெல்த் பிசிக்ஸ் பிரிவின் கையெழுத்து வேண்டும். தொழில்நுட்பமும் ஆழமானது. கல்பாக்கத்தில் இருப்பது போன்ற கனநீர் உலைகளில் கதிரியக்க ஹைட்ரஜனான டிரிடியம் உண்டாகும். அதன் பீட்டா கதிர் மிக வலுவற்றது, டோஸ் அளக்க ஊழியர் அணியும் டிஎல்டி பேட்ஜில் பதிவாகாது. சிறுநீர் மாதிரியைச் சோதித்துத்தான் டோஸ் கணக்கிடுவார்கள். பாதுகாப்பு மட்டுமே முழுநேர வேலையாக வேண்டும் என்பவருக்கு மூன்றில் இதுவே பொருத்தம். இதை மருத்துவமனைப் பக்கமிருந்து பார்த்து எழுதுகிறேன். உள்ளே இருப்பவர் வேறு விதமாக எடைபோடலாம்.

இனி மருத்துவமனை. கதிர்வீச்சுச் சிகிச்சை தரும் மெஷினான லினாக் இருக்கும் அறையின் கதவு திறந்தால், இன்டர்லாக் என்ற பூட்டு ஏற்பாடு பீமைத் தானாக அணைத்துவிடும். ஆக, ஊழியர் பாதுகாப்பில் பெரும்பகுதியைக் கட்டடமே பார்த்துக்கொள்ளும். பிசிசிஸ்ட்டின் “நிறுத்து” வருவது அளவிலிருந்து. காலையில் முதல் நோயாளிக்கு முன் மெஷினின் அவுட்புட், அதாவது அது தரும் டோஸ் எவ்வளவு என்று பார்க்கிறோம். 3 சதவீதத்துக்கு மேல் விலகினால் சிகிச்சை தொடங்காது. வாசலில் அறுபது பேர் காத்திருந்தாலும், டோஸ் அளக்கும் கருவியான சேம்பரில் இரண்டாவதும் அதே எண்ணைக் காட்டிவிட்டால் பேச்சு முடிந்தது.

அந்த எண் சரியாக இருப்பதற்குத்தான் உங்களுக்குச் சம்பளம். 0.6 சிசி சேம்பரை, உடலுக்குப் பதிலாக வைக்கும் தண்ணீர்த் தொட்டியான ஃபேண்டமில் 10 செ.மீ. ஆழத்தில் வைத்து, 10×10 செ.மீ. ஃபீல்டில் (கதிர் விழும் பரப்பு) ரீடிங் எடுக்கிறீர்கள். சேம்பருக்குள் இருப்பது காற்று. வெப்பம், அழுத்தம் இரண்டுக்கும் திருத்தம் போட வேண்டும். தண்ணீர் அறை வெப்பநிலைக்கு வராமல் 3 டிகிரி பிசகினால் 1 சதவீதப் பிழை. அழுத்தம் இதைவிட மோசம். வானிலைச் செயலி காட்டுவது கடல் மட்டத்துக்கு மாற்றிய அழுத்தம். சென்னையில் அதைப் போட்டாலும் வித்தியாசம் தெரியாது. சுமார் 400 மீட்டர் உயரத்திலிருக்கும் கோவையில் போட்டால் ஏறத்தாழ 5 சதவீதம் பிசகும். டோஸ் குறைவாக வருவதாக நினைத்து மெஷினைக் கூட்டிவிடுவீர்கள். அன்றிலிருந்து ஒவ்வொரு நோயாளிக்கும் 5 சதவீதம் கூடுதல். அறையிலேயே ஒரு பாரோமீட்டர் வேண்டும், அதற்கும் காலிபிரேஷன் சான்று வேண்டும் என்று வற்புறுத்துவது இதனால்தான்.

குறைகளும் உண்டு. நாளின் பெரும்பகுதியைச் சிகிச்சைப் பிளானிங் விழுங்கிவிடும். எக்ஸ்-ரேயில் பார்த்தபடி இதய ரத்தக்குழாய்க்குச் சிகிச்சை செய்யும் கேத் லேப்பில் இந்த நிறுத்தும் அதிகாரம் செல்லாது. பாதி ஸ்டென்டில் இருக்கும் டாக்டரை யாரும் நிறுத்த முடியாது. ஈயத் திரையை இழுத்துவிடச் சொல்லலாம், பேட்ஜை ஏப்ரனுக்கு உள்ளே மார்பில் அணியச் சொல்லலாம். அங்கே உங்கள் பேச்சு ஆலோசனை மட்டும்தான்.

இந்தப் பக்கம் வருவதென்றால் எம்.எஸ்சி. மெடிக்கல் பிசிக்ஸ், அல்லது எம்.எஸ்சி. இயற்பியலுக்குப் பிறகு ரேடியாலஜிகல் பிசிக்ஸ் டிப்ளமோ வேண்டும். இவற்றோடு நல்ல வசதியுள்ள ரேடியோதெரபி துறையில் 12 மாத இன்டர்ன்ஷிப்பும், அதன்பின் ஆர்எஸ்ஓ தேர்வும் உண்டு. பலர் மாட்டிக்கொள்வது இன்டர்ன்ஷிப்பில்தான். பட்டம் கையில் இருந்தும் இடம் கிடைக்காமல் ஓராண்டு கழிந்துவிடும். கல்லூரியில் சேருமுன், இன்டர்ன்ஷிப் எந்த மருத்துவமனையில், எத்தனை பேருக்கு, அங்கே லினாக்கும், சோர்ஸை உடலுக்குள் வைத்துத் தரும் பிராக்கிதெரபியும் இரண்டும் ஓடுகின்றனவா என்று எழுத்தில் கேட்டு வாங்குங்கள். ஆர்எஸ்ஓ ஒப்புதல் அந்தந்த நிறுவனத்தின் பெயரில் வருவது. வேலை மாறினால் புது இடத்தில் மறுபடி வாங்க வேண்டும். பழைய இடத்தில் அடுத்த ஆர்எஸ்ஓ வரும்வரை பொறுப்பை யாரிடம் ஒப்படைப்பது என்பதையும் ராஜினாமாக் கடிதத்துக்கு முன்பே பேசி முடித்துவிடுங்கள்.